விளக்கு எரிகிறது, வண்டி கிளம்பவில்லை

பத்தாம் வகுப்புக்கு மின்னோட்டவியல் பாடத்தைப் பல ஆண்டுகளாக நடத்தி வருகிறேன். ஓம் விதியை நடு ராத்திரியில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லிவிடுவேன். அப்படிப்பட்ட என்னை, கீழக்கரையில் நான் வேலை பார்க்கும் பள்ளியின் வாசலில் வைத்து, என்னுடைய பழைய காரே ஒரு நாள் மாலை தலைகுனிய வைத்தது. சாவியைத் திருப்பினேன். 'டிக்' என்று ஒரு சத்தம். மறுபடி திருப்பினேன். மறுபடி 'டிக்'. முகப்பு விளக்கைப் போட்டேன், நன்றாக எரிந்தது. ஹாரனை அழுத்தினேன், தெருவே திரும்பிப் பார்த்தது. விளக்கு எரிகிறது, ஹாரன் அடிக்கிறது என்றால் பேட்டரி சரியாக இருக்கிறது, ஆகவே கோளாறு இன்ஜினில்தான் என்று நானாக முடிவு கட்டிக்கொண்டு, இராமநாதபுரத்துக்குப் பஸ் பிடிக்கக் கிளம்பினேன்.

அப்போது பின்னாலிருந்து ஒரு குரல். "டீச்சர், பானட்டைத் திறங்க, பார்ப்போம்."

காலாண்டுத் தேர்வில் அறிவியலில் 19 மதிப்பெண் வாங்கியிருந்த மாணவன் அவன். ஓம் விதிக் கணக்குக்கு நேரே வெற்றிடம் விட்டிருந்தான். பானட்டைத் திறந்ததும் எதையும் தொடவில்லை. குனிந்து பார்த்தான். "பேட்டரி நல்லாத்தான் இருக்கு டீச்சர். தலைதான் பூத்துக் கிடக்கு" என்றான். பேட்டரியின் முனையில் வெள்ளையும் பச்சையுமாக மாவு போல ஏதோ படிந்திருந்தது. எதிர் டீக்கடையில் ஒரு சொம்பு வெந்நீர் வாங்கி வந்தான். ஆட்டோக்காரர் ஒருவரிடம் 10-ஆம் எண் ஸ்பேனர். முதலில் மைனஸ் முனையைக் கழற்றினான், பிறகு பிளஸ். வெந்நீர் ஊற்றிக் கழுவி, துடைத்து, உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்து, பிளஸ்ஸை முதலில் மாட்டி, மைனஸைக் கடைசியாக மாட்டினான். சாவியைத் திருப்பியவுடன் வண்டி கிளம்பியது. மொத்தம் பத்து நிமிடம்.

"மைனஸை ஏன்டா முதல்ல கழட்டினே?"

"அப்படித்தான் கழட்டணும் டீச்சர்."

"அதான் ஏன்?"

"மாத்திக் கழட்டினா காக்கா ஏசுவாக."

வீடு போய்ச் சேரும் வரை அந்தப் பதில் மனத்தை விட்டு நீங்கவில்லை. அவனுக்குச் செய்யத் தெரிகிறது, காரணம் தெரியவில்லை. எனக்குக் காரணம் தெரியும். ஆனால் என் கண் முன்னால் அது நடந்தபோது அடையாளம் காணத் தெரியவில்லை. இரண்டில் எது பெரிய குறை என்று இன்றும் என்னால் தீர்மானமாகச் சொல்ல முடியவில்லை.

மறுநாள் கரும்பலகையில்

மறுநாள் பாடக் குறிப்பேட்டை மூடி வைத்துவிட்டு, முந்தின நாள் கதையை வகுப்பில் சொன்னேன். நான் தோற்ற கதை என்பதால் கடைசி பெஞ்ச் உட்பட எல்லாரும் கவனமாகக் கேட்டார்கள். பிறகு கேள்வியைக் கரும்பலகையில் எழுதினேன்: விளக்கு எரியும்போது, வண்டி ஏன் கிளம்பவில்லை?

கணக்கு எளிது. முகப்பு விளக்கு ஒன்று சுமார் 55 வாட். இரண்டும் சேர்ந்து 110 வாட். 12 வோல்ட்டில் அவை எடுக்கும் மின்னோட்டம் ஏறத்தாழ 9 ஆம்பியர். ஆனால் இன்ஜினைச் சுற்றிவிடும் ஸ்டார்ட்டர் மோட்டார் எடுப்பது நூறு, நூற்றைம்பது ஆம்பியர். பூத்துப்போன முனையில் கூடுதலாக உண்டான மின்தடையை வெறும் 0.02 ஓம் என்று வைத்துக்கொள்வோம். விளக்குக்கு 9 ஆம்பியர் போகும்போது அந்த இடத்தில் இழப்பு 9 × 0.02 = 0.18 வோல்ட். கண்ணுக்கே தெரியாது. ஸ்டார்ட்டருக்கு 150 ஆம்பியர் போக முயலும்போது இழப்பு 150 × 0.02 = 3 வோல்ட். பன்னிரண்டில் மூன்று போனால் மிச்சம் ஒன்பது. அதுவும் பேட்டரிக்குள்ளேயே நடக்கும் இழப்பைச் சேர்க்காமல். மோட்டார் எங்கே சுற்றும்? 'டிக்' என்பதோடு சரி.

V = IR என்பதைப் பல ஆண்டுகள் எழுதிப் போட்டவள், I மாறினால் அதே R வேறு விதமாக நடந்துகொள்ளும் என்பதை உண்மையில் உணர்ந்தது அன்றுதான். வகுப்பில் ஒரு பெண் எழுந்து, "எங்க வீட்ல மோட்டார் போட்டா மட்டும் லைட்டு மங்குதே, அதுவும் இதுதானா டீச்சர்?" என்று கேட்டாள். அதுவும் இதுதான்.

அடுத்தது மைனஸ் விவகாரம். காரின் உலோக உடல் முழுவதும் மைனஸ் முனையோடு இணைக்கப்பட்டிருக்கிறது. பிளஸ்ஸை முதலில் கழற்றும்போது ஸ்பேனரின் மறு முனை தவறிப்போய் உடல் தகட்டில் பட்டால், பேட்டரியின் இரண்டு முனைகளையும் ஓர் இரும்புத் துண்டால் நேராக இணைத்ததாக ஆகிவிடும். நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாயும். ஸ்பேனர் கையில் காய்ந்து சிவக்கும். மைனஸை முதலில் கழற்றிவிட்டால் உடலுக்கும் பேட்டரிக்கும் தொடர்பு அறுந்துபோகிறது. பிறகு ஸ்பேனர் எங்கே பட்டாலும் சுற்று முழுமை அடையாது. மாட்டும்போது வரிசை தலைகீழ். நான் இதைச் சொல்லவில்லை. சுற்றுப்படத்தை மட்டும் வரைந்து, "பிளஸ்ஸில் இருக்கும் ஸ்பேனர் உடலைத் தொட்டால்?" என்று கேட்டேன். பதில் சொன்னவன் அவன்தான். சொல்லிவிட்டு, "அதுக்குத்தான் காக்கா ஏசுறாகளா!" என்று தானே வியந்துகொண்டான்.

பட்டறையில் கண்டது

'காக்கா' என்று அவன் சொன்னது அவன் விடுமுறை நாட்களில் போகும் பட்டறையின் மேஸ்திரியை. இருபது ஆண்டுகளுக்கும் மேல் வளைகுடா நாட்டில் இருந்துவிட்டு ஊர் திரும்பியவர். ஒரு சனிக்கிழமை, நன்றி சொல்லலாம் என்று போனேன். போன இடத்தில் கண்ட காட்சியில் வாய் அடைத்துப்போனது. ஒரு வேன், ஒரே ஒரு ஜாக்கியில் தூக்கி நிறுத்தப்பட்டிருக்கிறது. கீழே இரண்டு கால்கள். கால்களுக்கு உரியவன் என் மாணவன்.

வெளியே வரச் சொன்னேன். மேஸ்திரி பதற்றப்படவில்லை. "நான்தான் பக்கத்துலயே நிக்கிறேன்ல டீச்சர்" என்றார்.

"நீங்க நின்னா வண்டி விழாதா காக்கா?"

அவர் பதில் சொல்லவில்லை. சிறிது நேரம் கழித்து, "நாங்கள்லாம் இப்படித்தான் கத்துக்கிட்டோம்" என்றார். அது வறட்டுப் பேச்சு அல்ல; அவர் அறிந்த பள்ளிக்கூடம் அதுதான்.

ஆசிரியர்களாகிய நாம் இந்த இடத்தில் சட்டத்தையும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். 2016-இல் திருத்தப்பட்ட குழந்தை மற்றும் வளரிளம் பருவத் தொழிலாளர் சட்டத்தின்படி 14 வயது நிறையாதவரை வேலைக்கு அமர்த்தக் கூடாது. 14 முதல் 18 வரை உள்ளவரை அபாயகரமான வேலைகளில் அமர்த்தக் கூடாது. ஆனால் சட்டத்தைச் சொல்லிவிட்டு வந்துவிட்டால் என்ன நடக்கும் என்பதையும் நாம் அறிவோம். பையன் வேறு பட்டறைக்குப் போவான். பத்தாம் வகுப்புத் தேர்வுக்கு வர மாட்டான். அவன் ஏற்கெனவே ஒரு மாதமாக திங்கட்கிழமைகளில் வரவில்லை என்பதை வருகைப் பதிவேடு சொன்னது. அவனுக்கு மோட்டார் வேலையின் மேல் உள்ள ஆசையைப் பறிக்காமல், ஜாக்கிக்கு அடியிலிருந்து அவனை வெளியே கொண்டுவர வேண்டும். அதற்கு ஒரே வழி, அந்தக் கல்வியைப் பள்ளிக்குள் கொண்டு வருவது.

மேஸ்திரியிடம் கேட்டேன். மாதம் இரண்டு சனிக்கிழமை, காலை இரண்டு மணி நேரம். அவர் தயங்கினார். "நான் எட்டாவதோட நின்னவன் டீச்சர். உங்க முன்னாடி நான் என்னத்தைப் பேச?" என்றார். "நான் வாத்தியார் வேலைக்கு வர்றேன், நீங்க மேஸ்திரி வேலைக்கு வாங்க" என்றேன். தலைமையாசிரியரின் அனுமதி, பள்ளி மேலாண்மைக் குழுவில் ஒரு வார்த்தை, பெற்றோரிடம் ஒப்புதல் கடிதம். மூன்றையும் எழுத்தில் வாங்கிய பிறகே தொடங்கினோம். அந்த ஒழுங்கைத் தயவுசெய்து யாரும் தவிர்க்க வேண்டாம். எரிபொருள் வகுப்புக்குள் வராது, இன்ஜின் ஓடவிடப்படாது, எந்த மாணவரும் வண்டிக்கு அடியில் போகமாட்டார் என்ற மூன்று உறுதிகளும் அந்தக் கடிதத்திலேயே இருந்தன.

பிரித்துப் பார்த்தவர்கள்

முதல் வகுப்பை இரண்டு மனிதர்களின் கதையோடு தொடங்கினேன். ஒருவர் நம் ஜி.டி. நாயுடு. 1893-இல் கோவையை அடுத்த கலங்கலில் பிறந்தவர். பள்ளிப் படிப்பில் அவருக்கு நாட்டமில்லை. வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் ஓட்டி வந்த மோட்டார் சைக்கிளைப் பார்த்து அதன் மேல் ஆசை கொண்டு, அதை வாங்குவதற்காகவே கோவையில் ஓர் ஓட்டலில் வேலை பார்த்துப் பணம் சேர்த்தார். வாங்கிய பிறகு அவர் செய்த முக்கியமான காரியம், அதை முழுவதும் பிரித்துப் போட்டு மறுபடி பூட்டியது. 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒற்றைப் பேருந்து ஓட்டியவர், பின்னாளில் பெரும் போக்குவரத்து நிறுவனத்தையும் தொழிற்சாலைகளையும் தொழிற்கல்விக் கூடங்களையும் உருவாக்கினார்.

இன்னொருவர் பெர்த்தா பென்ஸ். இவருடைய கணவர் கார்ல் பென்ஸ் 1886-இல் மோட்டார் வண்டிக்குக் காப்புரிமை பெற்றார். ஆனால் அதை நெடுந்தூரம் ஓட்டிக் காட்டியவர் மனைவிதான். 1888-இல் இரண்டு மகன்களை ஏற்றிக்கொண்டு ஜெர்மனியின் மன்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைம் வரை, நூறு கிலோமீட்டருக்கு மேல் போனார். வழியில் எரிபொருள் குழாய் அடைத்துக்கொண்டபோது தன் தொப்பி ஊசியால் குத்தி எடுத்தார். பிரேக் கட்டை தேய்ந்தபோது ஒரு செருப்புத் தொழிலாளியிடம் தோல் வாங்கி அறைந்தார். எரிபொருள் வாங்கியது ஒரு மருந்துக் கடையில். அதாவது உலகின் முதல் நெடும்பயண மெக்கானிக் ஒரு பெண். இதை நான் சொன்னபோது, அதுவரை சுவரோரம் ஒதுங்கி நின்ற மாணவிகள் மேசைக்கு அருகே வந்தார்கள்.

பிரிப்பதில் ஓர் எச்சரிக்கை உண்டு. தொடக்கநிலையாளர் செய்யும் முதல் தவறு, பிரித்ததைப் பூட்டத் தெரியாமல் விழிப்பது. மேஸ்திரி இதற்கு ஒரு பழக்கம் வைத்திருந்தார்: கழற்றிய போல்ட்டுகளை முட்டை அட்டையின் குழிகளில் கழற்றிய வரிசையிலேயே போடுவது. நாங்கள் அதோடு ஒரு குறிப்பேட்டையும் சேர்த்தோம். பிரிக்கும் முன் ஒரு படம் வரைய வேண்டும். எது எதன் மேல் இருந்தது, எந்தப் பக்கம் பார்த்திருந்தது என்று எழுத வேண்டும். என் மாணவன் எழுதுவதற்குச் சுணங்குபவன். ஆனால் ஒரு பழைய கார்புரேட்டரைப் பிரித்து, மிச்சம் இரண்டு திருகுகள் கையில் நின்ற நாளுக்குப் பிறகு அவனாகவே எழுதத் தொடங்கினான். தேர்வுக்கு எழுதாதவன் தேவைக்கு எழுதினான்.

சிரிஞ்சும் குக்கரும்

காரைப் பற்றிக் கற்க கார் வேண்டும் என்பதில்லை. எங்களிடம் இருந்தவை மேஸ்திரி கொண்டுவந்த தேய்ந்த உதிரிகளும் (ஒரு பிஸ்டன், கனெக்டிங் ராடு, பிரேக் ஷூ, ஃபேன் பெல்ட்) மருந்துக் கடையில் வாங்கிய புதிய சிரிஞ்சுகளும்தான்.

இரண்டு சிரிஞ்சுகளை, ஒன்று சிறியது ஒன்று பெரியது, மெல்லிய குழாயால் இணைத்துத் தண்ணீர் நிரப்பினால் அதுதான் பிரேக். ஒன்பதாம் வகுப்பில் பாஸ்கல் விதியை நடத்தும் யாரும் இதைச் செய்யலாம். சிறிய சிரிஞ்சைக் கட்டைவிரலால் அழுத்தும் மாணவன், பெரிய சிரிஞ்சைத் தடுக்கும் மாணவனை எளிதாக வெல்வான். பிறகு குழாயில் வேண்டுமென்றே ஒரு காற்றுக் குமிழியை விடுங்கள். அழுத்தினால் மறுமுனை உடனே நகராது. காற்று முதலில் சுருங்கும். "பிரேக் பெடல் பஞ்சு மாதிரி அமுங்குது" என்று ஓட்டுநர்கள் சொல்வது இதைத்தான். அப்படி அமுங்கும் வண்டியை ஓட்டக் கூடாது என்பதைச் சொல்ல வேறு அறிவுரை தேவைப்படவில்லை.

டீசல் இன்ஜினில் பிளக் இல்லாமல் தீ எப்படிப் பற்றுகிறது என்பதற்கு சைக்கிள் பம்ப் போதும். வாயை விரலால் அடைத்துக்கொண்டு பத்து முறை வேகமாக அடித்துவிட்டுப் பம்பின் அடிப்பகுதியைத் தொட்டால் சூடு தெரியும். டீசல் இன்ஜினில் காற்று தன் கொள்ளளவில் ஏறத்தாழ பதினெட்டில் ஒரு பங்காக நசுக்கப்படுகிறது. வெப்பம் 500 டிகிரி செல்சியஸையும் தாண்டும். அதில் டீசலைத் தெளித்தால் தானே பற்றிக்கொள்ளும். எங்கள் மாணவர் பலரின் வீட்டில் வள்ளம் உண்டு. "அதான் குளிர் நாள்ல வள்ளத்து இன்ஜின் சீக்கிரம் பிடிக்க மாட்டேங்குதா?" என்ற கேள்வி நான் எதிர்பாராதது. ஆம், குளிர்ந்த இரும்பு அந்தச் சூட்டைத் திருடிக்கொள்கிறது.

ரேடியேட்டர் மூடியைச் சூட்டில் ஏன் திறக்கக் கூடாது என்று கேட்டபோது மேஸ்திரியும் நானும் வாய் திறக்கும் முன்பே ஒரு மாணவி சொல்லிவிட்டாள்: "குக்கரை விசில் அடங்காம திறப்போமா டீச்சர்?" அந்த மூடி உள்ளே அழுத்தத்தைத் தக்கவைக்கிறது, அழுத்தம் கூடினால் கொதிநிலை கூடும், 110 டிகிரியிலும் நீர் கொதிக்காமல் இருக்கும். திறந்தவுடன் அழுத்தம் விழுந்து மொத்தமாகக் கொதித்துப் பொங்கும். சமையலறையில் கற்ற பாடத்தை அவள் நேராக இன்ஜினுக்கு எடுத்துப்போனாள். அதே மாணவியின் உம்மா ஒரு நாள் பள்ளிக்கு வந்து, "பொம்பளைப் பிள்ளைக்கு எதுக்கு டீச்சர் ஸ்பேனரு?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, உண்மையாகவே புரியாமல் கேட்டார். நான் சரியான பதில் சொன்னதாக நினைக்கவில்லை. இரண்டு மாதம் கழித்து அவரே வந்து சொன்னார்: திருப்புல்லாணி பக்கம் போகும்போது வாடகைக் கார் டயர் பஞ்சர் ஆனதாம், புது ஓட்டுநர் ஜாக்கி போட்டுத் தூக்கிவிட்டு நட்டைக் கழற்றப் போராட, சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்ததாம், "கீழே இறக்கி, நட்டை லூஸ் பண்ணிட்டு அப்புறம் தூக்குங்க" என்று சொன்னவள் மகள்தானாம்.

சக்கரம் மாற்றுவது தொடக்கநிலையாளருக்கு மிகச் சிறந்த முதல் பாடம் என்பது என் கருத்து. அதில் திருப்பு விசை முழுவதும் அடங்கியிருக்கிறது. சிறிய கார்களின் சக்கர நட்டை இறுக்க ஏறத்தாழ 100 நியூட்டன் மீட்டர் தேவை. 25 சென்டிமீட்டர் ஸ்பேனரில் அதற்கு 400 நியூட்டன் விசை வேண்டும். 40 கிலோ எடையைத் தொங்கவிடுவதற்குச் சமம். ஸ்பேனரை 50 சென்டிமீட்டராக நீட்டினால் பாதி போதும். பட்டறைகளில் குழாயைச் செருகி ஸ்பேனரை நீட்டுவதன் இரகசியம் இது. அளவுக்கு மீறி நீட்டி இறுக்கினால் மறை போய்விடும், போல்ட்டே முறிந்துவிடும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நட்டுகளை வட்டமாக ஒன்றன்பின் ஒன்றாக இறுக்காமல் எதிரெதிராக இறுக்குவது, சக்கரம் ஒரு பக்கம் சாயாமல் சமமாக உட்காருவதற்கு. கைப் பிரேக், எதிர்ச் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல், சமதளம், தூக்கியதும் வண்டியின் ஓரத்தின் அடியில் ஸ்டெப்னியைப் படுக்கவைப்பது: ஜாக்கி நழுவினாலும் வண்டி அந்தச் சக்கரத்தின் மேல்தான் உட்காரும். இந்த வரிசையைப் பள்ளி வாகன நிறுத்தத்தில் என் காரிலேயே, மேஸ்திரி முன்னிலையில், பார்க்க வைத்தோம்.

தொடக்க வகுப்பு ஆசிரியர்கள் டயரோடு நிறுத்திக்கொள்ளலாம். அதுவே ஒரு வாரத்துக்கு வரும். டயரின் பக்கவாட்டில் 165/80 R14 என்று இருந்தால், அகலம் 165 மில்லிமீட்டர், பக்கச் சுவரின் உயரம் அதில் 80 சதவீதம், உள் வளையம் 14 அங்குலம். ஐந்தாம் வகுப்புக் குழந்தைகள் நூலால் சுற்றளவை அளக்கட்டும். எட்டாம் வகுப்பு மாணவர்கள் கணக்கிட்டால் விட்டம் ஏறத்தாழ 62 சென்டிமீட்டர், சுற்றளவு 1.95 மீட்டர், ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 514 சுற்று என்று வரும். நான்கு இலக்கத்தில் தனியாக ஓர் எண் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்த டயர். எங்கள் மாணவர்கள் ஊர் முழுக்க நின்ற ஆட்டோக்களின் டயர் வயதைக் கண்டுபிடித்துச் சொல்லி, சில ஓட்டுநர்களைச் சங்கடப்படுத்தியதும் உண்டு.

கடலோர ஊரின் தனிப்பாடம்

கீழக்கரையில் எதுவும் சீக்கிரம் துருப்பிடிக்கும். மதுரையில் பத்தாண்டு ஓடிய காரையும் இங்கே பத்தாண்டு நின்ற காரையும் அடியில் குனிந்து பார்த்தால் வேறுபாடு தெரியும். துருப்பிடித்தல் சோதனையை எல்லாரும் செய்கிறோம். நாங்கள் அதைக் கொஞ்சம் ஊருக்குரியதாக்கினோம். ஆறு சோதனைக் குழாய்கள், ஆறு ஆணிகள். காய்ந்த காற்று, கொதிக்க வைத்து ஆறவைத்து எண்ணெய் மூடிய நீர், குழாய் நீர், கடல் நீர், கிரீஸ் தடவிக் கடல் நீரில் இட்ட ஆணி, துத்தநாகத் தகடு சுற்றிக் கடல் நீரில் இட்ட ஆணி. கடைசி ஆணியைத் துரு கடைசி வரை தொடாமல் விட்டதைப் பார்த்த மாணவர்கள், இரும்புப் படகுகளின் அடியில் துத்தநாகக் கட்டி பொருத்துவது ஏன் என்று தாங்களே சொன்னார்கள். துத்தநாகம் முன்னே போய்த் தன்னைக் கரைத்துக்கொள்கிறது, இரும்பு தப்புகிறது.

பேட்டரி முனை பூப்பது முக்கியமாக உள்ளிருந்து கசியும் அமில ஆவியால். உப்புக் காற்று அதற்குத் துணை போகிறது. சமையல் சோடா கலந்த வெந்நீரால் கழுவி, காயவைத்து, மாட்டிய பின் வாஸ்லின் பூசினால் பல மாதம் தாங்கும்.

இந்த இடத்தில்தான் மேஸ்திரிக்கும் எனக்கும் ஒரு கொடுக்கல் வாங்கல் நடந்தது. பேட்டரியில் சார்ஜ் இருக்கிறதா என்று பார்க்க, இரு முனைக்கும் இடையே வயரை உரசித் தீப்பொறி பார்ப்பது அவர் பழக்கம். வகுப்பில் நான் துத்தநாகத் துண்டை நீர்த்த அமிலத்தில் இட்டு, வந்த வாயுவை எரியும் குச்சியால் காட்டினேன். 'பட்' என்று வெடித்தது. "சார்ஜ் ஏறும்போது பேட்டரியிலிருந்து வருவதும் இதே ஹைட்ரஜன்தான் காக்கா" என்றேன். அவர் ஒன்றும் பேசவில்லை. அடுத்த சனிக்கிழமை தன் சட்டைப் பையிலிருந்து ஒரு புது மல்டிமீட்டரை எடுத்து மேசையில் வைத்து, "இதைப் பார்க்கக் கத்துக்குடுங்க" என்றார். நின்ற வண்டியில் 12.6 வோல்ட் காட்டினால் முழு சார்ஜ். 12-க்கு வந்துவிட்டால் ஏறத்தாழ காலி. இன்ஜின் ஓடும்போது 14-க்குப் பக்கத்தில் நின்றால் ஆல்டர்னேட்டர் வேலை செய்கிறது. கற்றுக்கொடுத்தது நானல்ல. என் மாணவன். நான் பக்கத்தில் நின்றேன்.

பட்டறையிலும் ஒரு மாற்றம். ஜாக்கிக்குத் துணையாக இரும்பு ஸ்டாண்டுகள் நான்கு வாங்கி வைத்துவிட்டார். என் மாணவன் அடியில் போவது நின்றது. திங்கட்கிழமைகளில் வகுப்புக்கு வருவது தொடங்கியது.

மின்சார வண்டிகளைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். மின்சாரக் கார்களில் பல நூறு வோல்ட் இருக்கிறது. ஆரஞ்சு நிற வயர் தெரிந்தால் தொடக்கநிலையாளர் கையைப் பின்னுக்கு எடுத்துக்கொள்ள வேண்டும். சாதாரணக் காரிலும் ரேடியேட்டர் மின்விசிறி இன்ஜின் நின்ற பிறகும் திடீரென்று சுற்றலாம். துப்பட்டா, வளையல், கைக்கடிகாரம் எல்லாம் பானட்டுக்கு வெளியிலேயே.

பழுது கண்டுபிடிக்கும் முறையைத் தனிப் பாடமாகவே நடத்தினேன். ஒரே நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார். மாற்றும் முன் எது நடக்கும் என்று எழுது. மாற்றிய பின் எது நடந்தது என்று எழுது. அறிவியல் ஆய்வகத்தில் நாம் சொல்லும் அதே முறைதான். பிளக்கையும் ஃபில்டரையும் வயரையும் ஒன்றாக மாற்றிவிட்டு வண்டி கிளம்பினால் கோளாறு எதில் இருந்தது என்பது யாருக்கும் தெரியாது. வாடிக்கையாளர் மட்டும் மூன்றுக்கும் பணம் கட்டுவார்.

தேர்வுக்குப் பிறகு

அரசுப் பொதுத் தேர்வில் அவன் தேறினான். பெரிய மதிப்பெண் இல்லை. ஆனால் மின்னோட்டவியல் கணக்கை விடவில்லை என்று வந்து சொன்னான்.

அடுத்த சிக்கல் அதன் பிறகு வந்தது. சபுரில் இருக்கும் அவனுடைய வாப்பா, ஒரு பட்டறையில் ஹெல்பர் விசா தயாராக இருக்கிறது, பதினெட்டு ஆனதும் வந்துவிடட்டும், அதுவரை ஊரில் வேலை பழகட்டும் என்று சொல்லிவிட்டார். அரசு தொழிற்பயிற்சி நிலையத்தில் மோட்டார் வாகன மெக்கானிக் பிரிவு இரண்டாண்டு. டீசல் மெக்கானிக் ஓராண்டு. பத்தாம் வகுப்புத் தேர்ச்சி போதும். கட்டணமில்லாப் பயிற்சி, மாதம் 750 ரூபாய் உதவித்தொகை உண்டு. அரசுப் பள்ளி மாணவர்களுக்கான புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் தொழிற்பயிற்சி நிலையத்தில் சேர்வோருக்கும் கிடைக்கும். மேல்நிலையில் தொழிற்கல்விப் பிரிவு உள்ள பள்ளி அருகில் இருந்தால் அதுவும் ஒரு வழி. இவற்றையெல்லாம் நான் தொலைபேசியில் சொன்னேன். அந்தப் பக்கத்திலிருந்து மரியாதையான மௌனம்தான் வந்தது.

மேஸ்திரி என் கையிலிருந்து செல்பேசியை வாங்கினார். "நான் சொல்றேன் கேளுங்க. அங்க நான் பிரிச்ச கியர் பாக்ஸுக்குக் கணக்கே இல்ல. ஆனா கையில ஒரு சர்டிபிகேட் இல்ல. ஊர் வர்ற வரைக்கும் எனக்குக் குடுத்தது ஹெல்பர் சம்பளம்தான். என் வேலைக்குக் கையெழுத்துப் போட்டவன் வேறொருத்தன்." அவ்வளவுதான் பேசினார். இதை அவர் அதற்கு முன் என்னிடம்கூடச் சொன்னதில்லை.

பையன் இப்போது தொழிற்பயிற்சி நிலையத்தில் முதலாண்டு. சனிக்கிழமை வகுப்பு இந்த ஆண்டு ஒன்பதாம் வகுப்புக்கும் சேர்த்து நடக்கிறது. விடுமுறை கிடைத்தால் அவனும் வந்து முட்டை அட்டையோடு உட்கார்ந்துகொள்கிறான். சென்ற மாதம் குறிப்பேட்டைத் திறந்து ஒரு பக்கத்தைக் காட்டினான். ஒரு புதிய காரில் இன்ஜின் ஓடும்போதே மீட்டர் சில நேரம் 12.8 காட்டுகிறது, சில நேரம் 14.5 காட்டுகிறது, ஆல்டர்னேட்டரில் கோளாறு இல்லை என்கிறார்கள், அப்படியானால் ஏன் ஏறி இறங்குகிறது என்று எழுதியிருந்தான். எனக்குத் தெரியவில்லை. மேஸ்திரியைப் பார்த்தேன்; அவர் என்னைப் பார்த்தார்.

"அந்த வண்டியை அடுத்த சனிக்கிழமை கொண்டுவர முடியுமான்னு கேளுங்க காக்கா" என்றேன்.